ரிக் வண்டிக்கு வாசித்தது

ஓமலூரிலிருந்து காலை பஸ்ஸில் திருச்செங்கோடு வந்திருக்கிறேன். ரிக் என்கிற போர்வெல் லாரி ஒன்று எட்டு மாத வேலைக்கு வடக்கே புறப்படுகிறது. மேளம் நின்றதும் எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றிக் கிளம்புவது இங்கே வழக்கம். இதற்கெல்லாம் நாதஸ்வரத்துக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஐந்தாவதோடு நின்றவன் நான். ஆனால் மூச்சில் என்னை மிஞ்ச இந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது.

தவில் தனியாக முழங்குகிற நேரத்தில் டிரைவரின் மனைவி பக்கத்தில் வருகிறார்.

"ஏனுங்க சாமி, சீக்கிரம் முடிச்சுப்போடாதீங்க. புள்ள காலேஜுல இருந்து பஸ்ஸுல வந்துட்டிருக்குது. அவங்கப்பனப் பாக்கோணுங்க."

"எத்தன நேரம் வேணும்னு சொல்லுங்க தாயி. மூச்சுக்கு நான் பொறுப்பு."

"உங்க மூச்சு கெடக்கட்டுங்க, ஓனரு சும்மா இருக்கோணுமே!"

என் அப்பாவும் நாதஸ்வரக்காரர்தான். முகூர்த்த மாதங்களில் நான் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் வெளியூர் கிளம்பியிருப்பார். அவர் குடித்த காபி டம்ளர் மட்டும் இருக்கும்.

கல்யாணி ராகத்தை எடுத்து நீட்டுகிறேன். நல்ல நேரம் முடியப்போகிறது என்று ஓனர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார். நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். கண்ணை மூடி வாசிப்பவனை யாரும் குறுக்கே நிறுத்த மாட்டார்கள்.

தவில்காரர் முழங்கையால் இடிக்கிறார். கண்ணைத் திறந்தால், புத்தகப் பையோடு ஒரு பெண் ரோட்டைக் கடந்து ஓடி வருகிறாள். டிரைவர் சீட்டிலிருந்து இறங்கிவிட்டார்.

இப்போது நிறுத்தலாம். ஆனால் அவர்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை.