போன தேதி

வியாழக்கிழமை மூக்குக்கண்ணாடிக் கடைக்கு விடுமுறை. எட்டு மாதமாக அந்த ஒரு நாளை ஆவணக் காப்பகத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டார் கடைக்காரர். வாசலிலேயே பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு பென்சில் கொடுப்பார்கள். ஒரு நாளைக்கு மூன்று பதிவேடுகள்தான் தருவார்கள்.

“என்ன சார், இன்னைக்கு எந்த வருஷத்துச் சாவு?” என்பாள் பதிவேடு எடுத்துத் தரும் பெண். தூசிக்காக முகத்தில் கட்டிய துணியைத் தாடைக்கு இறக்கிவிட்டுத்தான் கிண்டலைத் தொடங்குவாள்.

“அதே வருஷம்தாம்மா. பக்கத்து ஊர்.”

“ஊர்ப்பட்ட பேர் தாத்தா பொறந்ததைத் தேடி வர்றாங்க. நீங்கதான் செத்தவங்களோடயே குடித்தனம் நடத்துறீங்க.”

அவர் தேடியது அக்காவை. பெயரில் ஒரு ழகரம் இருந்தது. எழுதியவர் ள போட்டிருக்கலாம், ல போட்டிருக்கலாம். அப்பாவின் முதலெழுத்தை விட்டும் இருக்கலாம். எல்லா விதமாகவும் தேடினார். அந்த வருஷம் செத்த குழந்தைகள், பிள்ளைத்தாய்ச்சிகள், கிழவர்கள் எல்லாரும் அவருக்குப் பழக்கமாகிவிட்டார்கள். அக்காவை மட்டும் காணவில்லை.

அவருக்கு அப்போது ஆறு வயது, அக்காவுக்கு இருபது. பள்ளிக்கூடத்தில் மக்கு என்று பெயரெடுத்திருந்தவனை ஜன்னலோரம் நிறுத்தி, எதிர்வீட்டுக் கதவு எண்ணைப் படிக்கச் சொல்லி, “இவன் மக்கு இல்லம்மா, இவனுக்குக் கண்ணு தெரியல” என்று கண்டுபிடித்தவள் அவள்தான். பிறகு ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால், அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அக்காவின் பெட்டி பரண்மேல் ஏறியிருந்தது. அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: “அவ போயிட்டா. இனிமே இந்த வீட்டுல அவ பேச்சு எடுக்கக் கூடாது.”

ஆறு வயதுப் பிள்ளைக்கு இதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்? அவர் பேச்செடுக்கவில்லை. அப்பா கண்ணை மூடிய பிறகு அம்மாவே ஒருதரம் “உங்கக்கா...” என்று தொடங்கினாள். அவள் அழுதால் தாங்காது என்று, “வேணாம்மா, அந்தப் பேச்சு வேணாம்” என்று எழுந்து போய்விட்டார். அம்மாவும் போன பிறகுதான், அக்காவை நினைத்து அழ ஒரு தேதியாவது வேண்டும் என்று தோன்றியது. அண்ணனைக் கேட்டார்: “அக்கா போன தேதி ஞாபகமிருக்கா?” அண்ணன் வருஷத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

அன்றைக்கு மூன்றாவது பதிவேட்டையும் மூடியபோது, கொஞ்சம் கொஞ்சமாக அவர் கதையைக் கேட்டு வைத்திருந்த அந்தப் பெண் கேட்டாள்: “உங்கப்பா என்ன சொன்னாருன்னு அப்படியே சொல்லுங்க சார், வார்த்தை மாறாம.”

“அவ போயிட்டான்னாரு.”

அவள் பதிவேட்டை வாங்கிக்கொண்டாள். “எங்க வீட்டுலயும் ஒருத்தி போனா சார். அவளுக்கு இப்ப ரெண்டு புள்ளைங்க.” கணக்குக்கு மீறி நாலாவதாக ஒரு பதிவேட்டைக் கொண்டுவந்து வைத்தாள். அதே வருஷத்துத் திருமணப் பதிவேடு.

நாற்பதாவது பக்கத்தில் அக்கா இருந்தாள், ழகரம் பிசகாமல். சாட்சி இரண்டு என்ற இடத்தில் வால் சுழித்த கையெழுத்து. அண்ணனுடையது.

மாடிப்படி அருகே போய்ப் போன் போட்டார்.

“அண்ணே, அக்கா கல்யாணத்துக்கு நீ சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்க.”

“ஆமா. தெரிஞ்சிருந்தா அப்பா என் தோலை உரிச்சிருப்பாரு. அதுக்கென்ன இப்ப?”

“அக்கா சாகலையா?”

அந்தப் பக்கம் டிவி சத்தம் நின்றது. “அப்ப அவ செத்துட்டான்னு உனக்கு யாருடா சொன்னா?”

“அப்பாதான். போயிட்டான்னாரே.”

“ஓடிப்போயிட்டான்னு அவரு வாயால சொல்லுவாராடா? ‘ஓடி’யை முழுங்கிட்டாரு.”

“அம்மாவுக்கு?”

“மாசம் ஒருதரம் போய்ப் பாத்துட்டு வருவா. கால்வலி மருந்துன்னு உன்கிட்ட சொல்லுவா. ‘சின்னவனுக்கு என் மேல கோவம் தீரலையா’ன்னு அக்கா கேட்டுக்கிட்டே இருப்பா. அப்புறம் கேக்குறதையும் விட்டுட்டா.”

“போன வருஷம் நான் உன்கிட்ட தேதி கேட்டேனே, அண்ணே.”

“குத்திக் காட்டுறதுக்குக் கேக்குறேன்னு நெனச்சேன். அப்பா புத்தி உனக்கும்னு.”

“இப்ப எங்க இருக்கா?”

“மூணு மாசம் ஆச்சுடா. போயிட்டா.”

“இது எந்தப் போயிட்டா, அண்ணே?”

“ஆறு மாசம் இருமிக்கிட்டே படுத்துக் கெடந்தாடா.”

எட்டு மாதத்தில் மூன்று போனால் ஐந்து மாதம். இருபது, இருபத்தொரு வியாழக்கிழமைகள். அவள் இருமிக்கொண்டும் படுத்துக்கொண்டும் இருந்த நாட்களில் இவர் இங்கே உட்கார்ந்து, பென்சிலும் கையுமாக, அவளைப் பிணங்களுக்கு நடுவே தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

மேசைக்குத் திரும்பி இன்னொரு கேட்புச் சீட்டு எழுதி நீட்டினார். அந்தப் பெண் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். கிண்டல் வரவில்லை.

“இந்த வருஷத்து இறப்புப் பதிவேடெல்லாம் இங்க வராது சார். பழசாகணும். முப்பது வருஷமாவது ஆகணும்.” பிறகு, ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்பதுபோல், “நகராட்சியில கேளுங்க சார். மூணு மணி வரைக்கும் தருவாங்க” என்றாள்.

மணி மூன்றே கால்.