நாக்கு போன பக்கம் பந்து

லஸ் முனையில் டிராம் திரும்பும்போதுதான் அது எனக்குத் தட்டுப்பட்டது. எதிரே உட்கார்ந்திருந்தவர் பத்திரிகையிலிருந்து தலையை எடுக்கவே இல்லை. ஆனால் அவருடைய கால் கட்டைவிரல் மட்டும் பெஞ்சுக்கு அடியில் செருப்பைத் துழாவிக்கொண்டிருந்தது. இறங்கப் போகிறார்! நகர்ந்து பக்கத்தில் போய் நின்றேன். அவர் எழுந்தார், நான் உட்கார்ந்தேன். வாய்க்கு வருவதற்கு முன்பே எண்ணம் உடம்புக்கு வந்துவிடுகிறதே! அந்த வாரம் முழுக்க உட்கார்ந்துகொண்டுதான் காலேஜுக்குப் போனேன்.

இவ்வளவு நல்ல சங்கதியை டிராமோடு விடலாமா? மயிலாப்பூரில் எங்கள் பூப்பந்துக் குழுவில் என் இடம் அப்போது ஆடிக்கொண்டிருந்தது. காப்டன் சொல்லியேவிட்டான்: "இந்த ஞாயித்துக்கிழமையும் பந்தை வலையிலேயே அடிச்சேன்னா, அப்புறம் நீ வெளியில உக்காந்துண்டு கைதட்ட வேண்டியதுதான்."

அந்த ஞாயிறு ஆட்டம் தியாகராய நகரில். யுத்தகாலத்தில் பெட்ரோலுக்குப் பதில் கரிவாயுவில் ஓடிய பஸ் வழியில் நின்றுபோய், இறங்கித் தள்ளி, தோள்வலியோடு போய்ச் சேர்ந்தோம்.

எதிரணியில் பந்து போட்டவன் ஒரு நெட்டையன். அவன் முகத்தை நான் பார்க்கவே இல்லை, காலைத்தான் பார்த்தேன். பந்து தூரமாக வரப்போகிறது என்றால் அவன் குதிகால் மண்ணில் அழுந்தியது. வலையோரமாக மெல்லத் தட்டிவிடப் போகிறான் என்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டான், தோள் ஏறியது. "பின்னால!" "முன்னால!" என்று நான் கத்தக் கத்த எங்கள் ஆட்கள் போய் நின்றார்கள். முதல் ஆட்டம் எங்களுக்கு.

"டேய், ஜோஸ்யம் கீஸ்யம் கத்துண்டிருக்கியா?" என்றான் காப்டன். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டாவது ஆட்டத்தில் ஏதோ ஆகிவிட்டது. நான் எங்கே அடித்தாலும் அங்கே எதிரணிக் குள்ளன் ஒருவன் முன்னாடியே வந்து நின்றான். அதில் தோற்றோம். மூன்றாவதும் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தபோது, அந்தக் குள்ளனால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இன்னா நைனா, ஒவ்வொரு தபாவும் நாக்க நீட்டி வயி சொல்றே? நாக்கு எந்தப் பக்கமோ பந்து அந்தப் பக்கம். நான் போய் நின்னுகினு கீறேன், அவ்ளோதான்!"

எங்கள் ஆட்களே சிரித்தார்கள். அப்போதுதான் நாக்கு நுனியில் காற்று சில்லென்று படுவதும், மண் கரிப்பதும் எனக்கு உறைத்தது. நிஜமாகவே அது வெளியில்தான் இருந்தது!

"உள்ள போடுடா அதை!" என்று காப்டன் அலறினான். போட்டேன். வாயை மூடியதும் மணிக்கட்டு இறுகிவிட்டது, பந்து வலைக்குப் போயிற்று. நாக்கைக் கேட்காமல் கை ஒன்றும் செய்யாது போலிருந்தது.

சரி, ஏமாற்றிப் பார்ப்போம் என்று நாக்கை வேண்டுமென்றே இடப்பக்கம் நீட்டினேன். குள்ளன் பாய்ந்து அங்கே போனான். வலப்பக்கம் முழுக்கக் காலி! மட்டையை ஓங்கி வீசினேன். பந்தும் நாக்கு போன பக்கமே போய், அவன் மட்டையில் பதவிசாக இறங்கிற்று. ஆட்டம் முடிந்தது.

திரும்பும் பஸ்ஸில் காப்டன் ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டான். என் இடம் போனதுதான் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது பார்த்தேன்: அவன் தன் பக்கத்திலிருந்த பையை எடுத்து மெதுவாக மடியில் வைத்துக்கொண்டான். அவன் சொல்வதற்குள் நான் உட்கார்ந்துவிட்டேன்.

"அடுத்த வாரம் அவா நம்ம இடத்துக்கு வரா," என்றான். "கால் பாத்துச் சொல்ல நீ வேணும். ஆனா அந்த நாக்கை ஏதாவது பண்ணித் தொலை."

அன்றிலிருந்து தினமும் மொட்டைமாடியில் சுவரோடு ஆடுகிறேன், நாக்கு இடது, கை வலது. வடாம் காயப்போட வந்த அக்கா, "யாருக்குடா அழகு காட்டறே?" என்று கேட்டுவிட்டாள். நேற்றுச் சாயங்காலம்தான் முதல் தடவையாக இரண்டும் பிரிந்து போயின.

ஞாயிற்றுக்கிழமை எடுத்த எடுப்பில் அதைக் காட்டப் போவதில்லை. கொஞ்ச நேரம் குள்ளன் என் நாக்கை நம்பட்டும்.