ஆடிக் கிருத்திகையில் நாற்காலி ஏறிப் போனவள்

உலகச் சண்டை முடிந்த மறுவருஷம். அன்று அரக்கோணம் போகும் காலை ரயிலை ரெபேக்காள் பிடித்தே ஆக வேண்டும். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவளுடைய இடது கால் சூம்பிவிட்டது. சுவரையும் தையல் மெஷினையும் பிடித்துக்கொண்டே வளர்ந்து ஆளாகிவிட்டாள். அரக்கோணம் மிஷன் தன் செலவில் அவள் அளவுக்கு, இரு பக்கமும் இரும்புக் கம்பி வைத்த பூட்ஸ் செய்யச் சொல்லியிருந்தது. அதைச் செய்த வேலூர் ஆள் அதோடு அன்று மத்தியானம் வரைதான் அங்கே இருப்பார். அவள் போகாவிட்டால் அந்தப் பூட்ஸைப் பிரித்து வேறொருத்திக்கு மாற்றிவிடுவார்கள்.

அவள் ஏறியிருந்த பாஷாவின் ஜட்கா வண்டியைத் தெருமுனையிலேயே போலீஸ்காரர் நிறுத்திவிட்டார். கண்ணுக்கெட்டிய வரை காவடிகள். ஞாயிறுதோறும் காசு வாங்காமல் அவளைச் சர்ச்சுக்கு ஏற்றிப்போகிற பாஷா தலையைச் சொறிந்தார்.

"நாள் பாத்தாங்க பாரு உங்க சர்ச்சு ஐயருங்க. திருத்தணியில பொறந்துட்டு ஆடிக் கிருத்திகை உனக்குமா தெரில?"

"மிஷன் காலண்டர்ல போடலண்ணே."

பூக்கடைப் பச்சையப்பன் ஒரு நாற்காலியோடு ஓடி வந்தார். அதில் மூங்கில் கழிகளைக் கட்டினார். பிறகு சாமந்திச் சரங்களைச் சுற்றினார்.

"பூ எதுக்கு?" என்றாள் ரெபேக்காள்.

"வெறும் நாற்காலிக்கு எவன் வழி விடுவான்? உக்காரும்மா."

இது சரியா, ஐயர் பார்த்தால் என்ன நினைப்பார் என்று அவள் யோசித்து முடிப்பதற்குள் நாற்காலி இருவர் தோளுக்கும் ஏறிவிட்டது. இத்தனை உயரத்திலிருந்து அவள் ஊரைப் பார்த்ததே இல்லை. கூட்டம் விலகியது. பெண்கள் காவடி என்று நினைத்துக் குடத்தோடு வந்து பச்சையப்பன் காலிலும் பாஷா காலிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். பாஷா நெளிந்தார்.

"மலை அந்தாண்ட இல்ல இருக்குது?" என்றார் ஒரு பெரியவர்.

"இது ஸ்டேஷனுக்கு நேந்துகினது. நகருங்க," என்றார் பச்சையப்பன்.

ரெபேக்காளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. விழுந்துவிடாமல் கழியைப் பிடித்துக்கொண்டாள். ரயில் ஊதியது. இருவரும் ஓட்டமெடுத்தார்கள். கார்டு கொடியைத் தூக்கிய நேரம் அவளைப் பெட்டிக்குள் தள்ளி, பாஷாவும் தொற்றிக்கொண்டார். நாற்காலியும் ஜட்காவைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் பச்சையப்பனோடு நின்றுவிட்டன.

அரக்கோணத்தில் வேலூர் ஆள் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் மறுபடி பிரித்தார். பூட்ஸை அவள் காலில் மாட்டி வார்களை இழுத்து இறுக்கினார்.

"யாராவது பிடிச்சுக்குங்க," என்றார்.

பாஷா கை நீட்டினார்.

"நீ தள்ளி நில்லுண்ணே."

இரும்பு கிறீச்சிட்டது. ஓரடி வைத்தாள். இன்னோரடி. அடுத்ததில் தடுமாறி பாஷாவின் சட்டையைப் பற்றினாள். மூச்சு வாங்கச் சிரித்தாள். பிறகு கையை விட்டுவிட்டு மறுபடி நடந்தாள்.