கூட்டம் தேடிப் போனோம்

எண்பதுகளின் நடுவில் கிள்ளானில் மதுவை எதிர்த்துப் பேசாத தமிழர் தலைவர் ஒருவரும் இல்லை. மேடையும் மைக்கும் கிடைத்தால் போதும், சம்சுச் சாராயம் நம் சமுதாயத்தைச் சீரழிக்கிறது என்று தொடங்கிவிடுவார்கள். அப்படிப் பேசி முடித்த ஒரு சங்கத் தலைவரிடம்தான் நான் முதலில் போய்க் கேட்டேன். அவர் கழுத்தில் மாலை இன்னும் கிடந்தது.

"அண்ணே, குடிய விடணும்னு நெனைக்கிறவங்க எங்க போகணும்?"

"யாருக்கும்மா?"

"என் வீட்டுக்காரருக்கு."

"நாங்க விழிப்புணர்வுதாம்மா கொடுக்கிறோம். அடுத்த மாசம் இன்னொரு கூட்டம் இருக்கு லா, அவரயும் கூட்டிட்டு வாங்க."

விழிப்புணர்வுக்கு என் கணவரிடம் பஞ்சமே இல்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அதற்கு முந்தின வாரம், காலையிலேயே கை நடுங்கி, தூக்கிய சரக்கு கீழே நின்றவர்களின் தலைக்கு மேல் ஊசலாடியிருக்கிறது. நல்ல வேளை, யாருக்கும் அடிபடவில்லை. அன்று குடிக்காமல் வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, "தனியா முடியல. எங்கயாச்சும் கூட்டிட்டுப் போ" என்றார். முடியாது என்று அவர் வாயால் அதுவரை நான் கேட்டதில்லை.

கிளினிக் டாக்டர் ஒரு சத்து ஊசி போட்டுவிட்டு, மனஉறுதி வேண்டும் என்றார். அதையும் ஊசியிலேயே ஏற்றிவிட்டால் என்ன என்று கேட்க நாக்கு துடித்தது. கடைசியில் வழி சொன்னது, பெரிய ஆஸ்பத்திரியில் வேலை செய்த ஒரு நர்ஸ்தான். பிரிக்ஃபீல்ட்ஸில், தேவாலயத்துக்குப் பக்கத்துக் கடை வரிசையில், மாடியில், சனிக்கிழமை பிற்பகல் குடியை விட நினைக்கிறவர்கள் கூடுகிறார்களாம். "பேரு கேக்க மாட்டாங்க. வீட்டு ஆளுங்களும் உக்காரலாம். தைரியமா போங்க அக்கா" என்றாள்.

பஸ் மாறிப் போய் இறங்கினோம். தேவாலயம் இருந்தது, கடை வரிசை இருந்தது. ஒரு மாடிப்படியில் செருப்புகள் குவிந்து கிடந்தன. மேலே ஏறினோம். கழுத்துப்பட்டை கட்டிய ஓர் ஆள் ஓடிவந்து என் கணவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வாங்க பாஸ்! ஒங்க வாழ்க்கைய மாத்தணும்னு முடிவு பண்ணி வந்துட்டீங்க. அதுவே பாதி வெற்றி!" எல்லாரும் கைதட்டினார்கள். என் கணவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

பிறகு ஒருவர் எழுந்து, தான் எப்படி விழுந்து கிடந்தார், எப்படி எழுந்தார் என்று உருக்கமாகச் சொன்னார். எழுந்த கதையின் முடிவில் மேசை மேலிருந்த துணியை விலக்கினார். தண்ணீர் வடிகட்டும் இயந்திரம். சொந்தக்காரர்களில் நாலு பேரைச் சேர்த்துவிட்டால் நாங்களும் மாறிவிடலாமாம்.

என் கணவர் என்னைப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் நிதானத்தில் சிரித்துப் பார்த்து எவ்வளவு காலமாகிவிட்டது! "அண்ணே, நான் தண்ணிய வடிகட்ட வரல, தண்ணிய விட வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். கழுத்துப்பட்டைக்காரர் புரியாமல் விழித்தார்.

நாங்கள் தேடிய இடம் இரண்டு கடை தள்ளி இருந்தது. அங்கே கைதட்டல் இல்லை. ஆறேழு பேர், ஒரு பிளாஸ்க் கோப்பி, ஒரு தட்டு பிஸ்கட். இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று எரிச்சலாக இருந்தது. எல்லாரும் ஆங்கிலத்தில் பேசினார்கள். நல்ல புடவை கட்டிய ஒரு பெண் இருந்தாள். புருஷனோடு வந்தவள் என்று நினைத்தேன். அவள் முறை வந்தபோது, குடிப்பவளே அவள்தான் என்று தெரிந்தது. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

என் கணவரின் முறை வந்தது. ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை சொல்லித் திணறினார். அந்தப் பெண்தான், "தமிழ்லயே சொல்லுங்க அண்ணே. எனக்குப் புரியும், இவங்களுக்கு நான் சொல்றேன்" என்றாள்.

அவர் கிரேனைப் பற்றிச் சொன்னார். கீழே நின்ற ஆட்கள் தலைநிமிர்ந்து பார்த்ததைச் சொன்னார். என்னிடம்கூட அதைச் சொன்னதில்லை. அவள் நிறுத்தி நிறுத்தி மொழிபெயர்த்தாள். யாரும் மனஉறுதியைப் பற்றிப் பேசவில்லை. ஒரு சீனக் கிழவர் கோப்பியை ஊற்றி அவர் பக்கம் நகர்த்தி, "மிங்கு டெபான், டத்தாங் லாகி" என்றார். அடுத்த வாரமும் வரச் சொன்னார், அவ்வளவுதான்.

போனோம். தீபாவளிக்கு ஒரு தடவை வழுக்கி, குடித்துவிட்டார். வெட்கப்பட்டுக்கொண்டே மறுபடியும் போனார். அதற்குப் பிறகு தொடவில்லை.

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஈரல் போய்விட்டது, அதனால்தான் விட்டுவிட்டார் என்றார்கள் சிலர். நான் சோற்றில் மருந்து வைத்துவிட்டேன் என்றார்கள் சிலர். தேவாலயத்துப் பக்கம் பார்த்ததாகவும், மதம் மாறிவிட்டார் என்றும் ஒரு கதை. அந்தக் கூட்டம் எங்கே நடக்கிறது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அங்கே போக வேண்டிய ஆள் அவர்கள் எல்லார் வீட்டிலும் இருந்தார்.

ஜெஞ்சாரோமில் ஒரு கல்யாணத்தில்தான் முதன்முதலாக ஒருத்தி கேட்டாள். தூரத்து உறவுக்காரப் பெண், கை கழுவுமிடத்தில் என்னை ஒட்டி நின்று, "எந்த பஸ்ஸுல ஏறணும்க்கா?" என்றாள். நான் சொல்ல வாயெடுத்தேன். பந்தலுக்குப் பின்னால் பாட்டிலோடு உட்கார்ந்திருந்த அவள் புருஷன், "ஐஸ் எங்கடி?" என்று கத்தினான்.

அவள் ஐஸ் வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.