டாபியில் ஏறிய படிக்கட்டு

எங்கள் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வந்த வருடம் நான் ஏழாம் வகுப்பு. எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. அதனால் மற்றப் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏசி அறைக்குள் போகும் நேரத்தில் என்னைப் பாட்டு வகுப்புக்கு அனுப்பினார்கள். பார்வையில்லாதவர்கள் எல்லாரும் நன்றாகப் பாடுவார்கள் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகமில்லை. என் குரலைக் கேட்ட பாட்டு டீச்சருக்கு மட்டும் கொஞ்சம் இருந்தது.

கம்ப்யூட்டர் சாரிடமே போய்க் கேட்டேன். திரையைப் பார்த்துப் படிக்கிற பாடம், உனக்கு எப்படிம்மா வரும் என்றார். கனிவாகத்தான் சொன்னார். அந்தக் கனிவுதான் எனக்கு ஆத்திரத்தை மூட்டியது. பாட்டு வகுப்பில் வாயை மூடிக்கொண்டு, பக்கத்து அறையில் அவர் நடத்துவதைக் கேட்டேன். முதல் வரியில் ஒரு நட்சத்திரம், அடுத்த வரியில் இரண்டு, இப்படியே எட்டு வரி. திரையில் படிக்கட்டு மாதிரி வர வேண்டுமாம். வகுப்பில் ஒருவருக்கும் வரவில்லை.

கருமத்தம்பட்டியில் எங்கள் வீட்டை ஒட்டியே தறிக்கூடம். தறி ஓட்டியது அம்மா. துண்டின் கரையில் பூ விழுவதற்குத் தறியின் மேல் டாபி என்று ஒரு பெட்டி உண்டு. ஓட்டை போட்ட மரக்கட்டைகளைச் சங்கிலியாகக் கோத்து அதில் மாட்டுவார்கள். ஓட்டையில் முளை என்கிற சின்ன மரஆணி இருந்தால் அந்த இடத்து நூல் எழும்பும், இல்லாவிட்டால் சும்மா கிடக்கும். ஒரு கட்டை ஒரு வரி. கடைசிக் கட்டை முடிந்ததும் சங்கிலி சுற்றி மறுபடி முதல் கட்டை வரும்.

ஆணியில் சும்மா தொங்கிய ஒரு சங்கிலியை மடியில் போட்டு, பழைய முளைகளைப் பிடுங்கினேன். முதல் கட்டையில் ஒரு முளை, அடுத்ததில் இரண்டு, கடைசியில் எட்டு. தடவினால் படிக்கட்டு ஏறியது. திங்கட்கிழமை இதைச் சாரிடம் காட்டப்போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, ஆணியில் திரும்ப மாட்டினேன்.

மறுநாள் காலையில் தறியின் சத்தம் மாறியிருந்தது. வரிக்கு வரி கனத்துக்கொண்டே போய், எட்டாவதில் தடதடத்து, சட்டென்று இளைத்தது. என் சங்கிலி. ஆர்டர் துண்டில் ஓடுகிறது. இதோ நிறுத்துவாள், இதோ அடி விழும் என்று சுவரோடு ஒட்டி நின்றேன். ஒரு துண்டு முழுக்க ஓடிய பிறகுதான் தறி நின்றது. அம்மா அந்தத் துண்டை அறுத்து என் மேல் வீசினாள்.

"சங்கிலிய மாத்தி மாட்டிப்போட்டேன் அம்மணி. கவனிக்கவே இல்ல. இத இனி எந்தக் கடைக்காரன் எடுப்பான்? நீயே கொண்டு போ."

திங்கட்கிழமை துண்டைச் சாரின் மேசையில் விரித்தேன்.

"கண்ண மூடிட்டுத் தொட்டுப் பாருங்க சார். எட்டு வரி."

வெகுநேரம் தடவினார். பிறகு, தறியில் வந்தது கம்ப்யூட்டரிலும் வந்துவிடுமா என்றார்.

"கண்ணு தெரிஞ்ச முப்பது பேருக்கும் இன்னும் வரலீங்களே சார். அவங்களோட நானும் வராம உக்காந்துக்கறேனுங்க."

மூலையில் ஒரு ஸ்டூல் கிடைத்தது. நான் சொல்லச் சொல்ல வகுப்பில் ஒருத்தி கீபோர்டில் தட்டினாள். மூன்றாம் நாள் திரையில் படிக்கட்டு வந்துவிட்டதாக வகுப்பே கத்தியது. அன்றைக்கு என்னைவிடச் சந்தோஷப்பட்டவர் பாட்டு டீச்சர்.

இன்று புரோகிராம் எழுதித்தான் சாப்பிடுகிறேன். பார்வையில்லாத பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது முதலில் முளையடித்த கட்டையைத்தான் கையில் கொடுக்கிறேன். போன மாதம் இந்தக் கதையைக் கேட்ட ஒரு சிறுமி, "முழுத் துண்டு ஓடற வரைக்கும் உங்கம்மா பாக்கவே இல்லீங்களா மிஸ்?" என்றாள்.

ஒற்றை நூல் அறுந்தாலே அந்த இடத்திலேயே தறியை நிறுத்துகிறவள் என் அம்மா. கவனிக்கவில்லை என்று அவள் சொன்னாள். கண் தெரிந்தவள் சொல்கிறாளே என்று, இத்தனை வருடமும் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன்.