ஃபான்ட் மூட்டையில கைய வுட்ட கதை

டிடிபி கடைன்னா எழுத்து அடிக்கிற வேலைன்னு வெளியில நெனைக்கிறாங்க. உள்ள ஒக்காந்தவனுக்குத்தான் தெரியும், அது எழுத்து தேடுற வேலைன்னு. இதே தொழில்ல கண்ணு பூத்துப்போன அன்பர்களே, உங்களுக்கு நான் சொல்லணுமா?

ஜவ்வாது மலையில, பஸ் நிக்கிற எடத்துக்கு எதிர்ல நம்ம கடை. சிநேகிதன் ஒருத்தன் பென்டிரைவ்ல முந்நூறு தமிழ் ஃபான்ட் போட்டுக் குடுத்தான். பேரெல்லாம் வெறும் நம்பரு. எதுக்குள்ள இன்னா இருக்குன்னு ஒவ்வொண்ணா தொறந்து பாக்க ஆயுசு போதாது. அதனால கறுப்புத் திரையில கட்டளை அடிக்கக் கத்துக்கிட்டேன். ஒரு வரி தட்டுனா போதும், அந்த ஃபான்ட்ல இருக்கிற அத்தனை எழுத்தும் வரிசையா வந்து நிக்கும். ஒரு பக்கம் முடிஞ்சா ஸ்பேஸ் தட்டணும், அடுத்த பக்கம் வரும். இந்த ஸ்பேஸைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்குங்க.

அந்த வருசம் பங்குனி மாசம் ஊர்க் கவுண்டர் வெள்ளையன் கடைக்கு வந்து காளியம்மன் திருவிழா பேனரை எங்கிட்ட குடுத்தாரு. அதுவரைக்கும் டிசைன், அச்சு எல்லாம் போளூர்லதான். எங்கிட்ட பேனர் மிஷின் கிடையாது. நான் டிசைன் பண்ணி அனுப்பினா போளூர் பிரஸ்ல அடிச்சு, சுருட்டி பஸ்ல ஏத்தி வுடுவாங்க. கவுண்டர் சொன்னது இதான்: "இந்த ஒரு தபா உன்னை நம்புறோம்பா. சொதப்புனன்னா, ஊரே ஜெராக்ஸ் எடுக்கக்கூட போளூருக்குத்தான் எறங்கும்."

ஓடுற எழுத்து

பேனருக்கு ஃபான்ட் தேட ஒக்காந்தேன். கறுப்புத் திரையில வெள்ளை எழுத்து சரசரன்னு ஓடுது, நான் ஸ்பேஸை டொக்கு டொக்குன்னு தட்டுறேன். நெல்லிவாசல்ல இருந்து ஆதார் ஜெராக்ஸுக்கு வந்த ஒருத்தர் பின்னாடி நின்னு மூச்சு வுடாம பாத்துக்கிட்டு இருந்தாரு. "எழுத்துதாங்க பாக்குறேன்"ன்னேன். அவரு நம்பல. எழுத்தை யாராச்சும் இவ்ளோ வேகமா பாப்பாங்களா?

கதவை மெதுவா சாத்திட்டு வந்து, காதுகிட்ட குனிஞ்சாரு. "தம்பி, யாருகிட்டயும் சொல்லமாட்டேன். அப்டியே என் பட்டா எந்த ஆபீசர் மேசையில கீதுன்னு பாத்துச் சொல்லுப்பா."

எல்லாம் இருக்கிற பத்திரிகை

முந்நூறுல ஒரு ஃபான்ட்ல எழுத்தே இல்ல, மொத்தமும் படம். சேவல், வேல், குத்துவிளக்கு, மாங்கா, மயிலு, நாதஸ்வரம், மாட்டுவண்டின்னு ஒண்ணுவிடாம இருக்கு. எனக்குத் தலைகால் புரியல, அம்புட்டு சந்தோஷம். எல்லாத்தையும் ஒரே தாள்ல அடிச்சு மேசைக் கண்ணாடிக்கு அடியில வெச்சேன்.

கல்யாணப் பத்திரிகை அடிக்க மாப்ள வூட்டுக்காரங்க ஆறு பேரு வந்தாங்க. நான் ஒண்ணொண்ணா டிசைன் காட்டக் காட்ட, அவங்க கண்ணு கண்ணாடிக்கு அடியிலயே நிக்குது. "அது பத்திரிகை இல்லீங்க, எங்க வேலைக்கு வெச்சிருக்கிற பட்டியல்"ன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். மாப்ளயோட மாமா தாளை உருவிக் கையில எடுத்துக்கிட்டு முடிவா சொன்னாரு: "இதுல வண்டிமாடு கூட கீதுப்பா! இதையே முந்நூறு அடி. பொண்ணு மாப்ள பேரை எங்கனா ஓரமா போட்டுக்கலாம்."

காதர் பாய் கை

காதர் பாய் வாணியம்பாடிக்காரரு. புளி சீசன்ல மலையேறி வந்து மூட்டை மூட்டையா வாங்குவாரு. சாக்குல ஒட்டுற லேபிளுக்காக வந்தவரு, நான் பேனருக்கு ஒரு ஃபான்ட்டைப் புடிச்சுட்டுக் குதிக்கிறதைப் பாத்தாரு. சும்மா சொல்லக்கூடாது, ஒவ்வொரு எழுத்தும் கொழுகொழுன்னு, இப்பத்தான் எண்ணெய் தேச்சுக் குளிச்ச மாதிரி இருந்துச்சு. மொதல் பக்கத்தைப் பாத்ததுமே "இதான்!"னு கத்திட்டேன். ஸ்பேஸ் தட்டல.

"இன்னும் கீதா கீழ?"ன்னாரு பாய். "மிச்சமும் இதே மாதிரிதான் பாய்"ன்னு நான் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு தாங்கல. மூட்டைக்குள்ள வுட்டு வுட்டு முழங்கை வரைக்கும் புளி ஒட்டுன கையைத் தூக்கிக் காட்டுனாரு. "நானும் புதுசுல இப்டித்தான் மேலாப்ல பாத்து வாங்குனேன். மூட்டை அடியில பாதி கொட்டை!"

மூணு கட்டம்

பேனர் பஸ்ல வந்து எறங்குச்சு. கோயில் வாசல்ல ஊரே கூடி நிக்க, நாலு பேரு புடிச்சு விரிச்சாங்க. 'ஜவ்வாது மலை'ல ஜ இருக்க வேண்டிய எடத்துல வெறும் கட்டம்! 'பூஜை'ல ஒரு கட்டம், 'பஜனை'ல ஒரு கட்டம். அந்தப் பாழாப்போன ஃபான்ட்ல ஜ-வே கிடையாது. இருந்தா அது ரெண்டாவது பக்கத்துல இருந்திருக்கணும். என் கம்ப்யூட்டர் இல்லாத எழுத்தை வேற ஃபான்ட்ல இருந்து எரவல் வாங்கிப் போட்டு அழகா காட்டிடுச்சு, பிரஸ் கம்ப்யூட்டர் உள்ளதை உள்ளபடி அடிச்சிடுச்சு. கடையைப் பூட்டிட்டு எந்த ஊருக்குப் போறதுன்னு நின்ன எடத்துலயே யோசிக்க ஆரம்பிச்சிட்டேன்.

கவுண்டர் கட்டத்தைத் தடவித் தடவிப் பாத்தாரு. "இன்னாப்பா இது, போட்டோ வைக்க எடமா?" உண்மை தொண்டை வரைக்கும் வந்துச்சு, வாய் மட்டும் "ஆமாங்க"ன்னுடுச்சு. அவ்ளோதான்! எங்க பக்கம் பேனர்னா எழுத்தை யாரு படிக்கிறாங்க, யாரு மூஞ்சி எங்க இருக்குன்னுதானே பாப்பாங்க. பெரிய கட்டம் கவுண்டருக்கு. பூஜை கட்டத்துக்குப் பூசாரி, பஜனை கட்டத்துக்குப் பஜனை கோஷ்டித் தலைவர். நான் கடைக்கு ஓடி மூணு பேரு போட்டோவையும் அளவு பாத்து அடிச்சுக் கொண்டாந்து பசை தடவி ஒட்டினேன். உள்ளுக்குள்ள சிரிப்பு பீறிக்கிட்டு வருது. கவுண்டர் மூஞ்சி, பக்கத்துல 'வ்வாது மலை'. ஒருத்தர் பாக்கியில்லாம சரியாத்தான் படிச்சாங்க!

சாமி ஊர்வலம் முடிஞ்சதும் கவுண்டர் என் தோள்மேல கை போட்டு, ஊரே கேக்குற மாதிரி சொன்னாரு: "போளூர்க்காரன் இத்தினி வருசமா எழுத்துக்குத்தான் எடம் வுட்டான், இவன்தான்பா மனுசனுக்கு எடம் வுட்டான். அடுத்த வருசம் இன்னும் ஏழெட்டு கட்டம் சேத்துப் போடு!"

ஆக, எல்லா எழுத்தும் இருக்கிற ஃபான்ட்டைத் தேடித் தேடிக் கண்ணு பூத்த நான், இப்ப ஏழெட்டு எழுத்து இல்லாத ஃபான்ட்டைத் தேடி ஸ்பேஸ் தட்டிக்கிட்டிருக்கேன்.