முடிவைச் சொல்லிவிடுவார்கள்

போன ஞாயிறு வேலூரில் எங்கள் வாசகர் கூட்டத்தில், ஒருவர் தனக்குப் பிடித்த நாவலைத் தோல் உறை போட்டு என்னிடம் நீட்டியபோது, அந்த வாசனையில் ஆம்பூர் பஜார் மாடியிலிருந்த வாடகை நூலகம் ஞாபகத்துக்கு வந்தது. இப்போது அங்கே செல்போன் கடை. அப்போது ஓரம் மடிந்த நாவல்கள் கூரைவரை அடுக்கியிருக்கும், மின்விசிறி கடகடவென்று சுற்றும், அதன் கீழே பள்ளிக்கூடப் பெண்கள் நாங்கள் நாலைந்து பேர் பாயில் உட்கார்ந்து, படித்ததையும் படிப்பதையும் பொழுது சாயும்வரை பேசிக்கொண்டிருப்போம்.

அப்பாவுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. என் வீட்டுக்குப் போய்வந்த புத்தகங்களில் அந்த நாற்றம் ஏறியிருக்கும். எங்களில் மூத்தவளான வசந்தி ஒருநாள் ஒன்றை முகர்ந்து பார்த்து, "இன்னாடி, கதையெல்லாம் தோலு நாறுது" என்றாள். அதன்பிறகு நான் எந்த நாவலை எடுத்தாலும் அவர்கள் முடிவைச் சொல்லிவிடுவார்கள். "கடைசில அவ செத்துப்போய்டுவா. வச்சிடு, வேற யாராவது படிக்கட்டும்." யார் சாவார்கள் என்று தெரிந்துகொண்டே நான் எடுத்துப்போய்ப் படித்தேன்.

ஒரு மழைநாளில் என்னைக் கூட்டிப்போக வந்த அப்பா வாசலிலேயே நின்றார். "எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. நீங்க பேசற கதையெல்லாம் இது வீட்ல வந்து சொல்லும். எம் பொண்ணுக்கு நல்ல கதையா சொல்லுங்க" என்று அவர்களைக் கும்பிட்டார்.

"சொல்றோம் அங்கிள்" என்றாள் வசந்தி, துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு. மற்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

சைக்கிளில் போகும்போது, "நேத்து சொன்ன கதைல அந்தப் பொண்ணு பொழச்சிக்கிச்சா?" என்று கேட்டார்.

"இன்னும் அவ்ளோ தூரம் படிக்கலப்பா" என்றேன்.